பந்தக்கால் குழி

17

போன வாரம் கலைப்பிரியாவைத் திண்டிவனத்து வீட்டுச் சமையலறையில், காதில் போனும் அடுப்பில் பொங்கி வழிந்த பாலுமாக விட்டுவிட்டு வந்தோம். பாலை அன்றைக்கே துடைத்துவிட்டாள். போனில் கேட்ட பதிலைத்தான் இன்னும் துடைக்க முடியவில்லை.

"மேடம், அந்தப் பாலிசி காம்பவுண்டுக்குள்ள இருக்கற உங்க அண்ணன் வீட்டுக்கு மட்டுந்தான். வெளியில பக்கத்து வீட்டுக்கு ஆன சேதமெல்லாம் அதுல வராது. அதுக்குத் தனியா சேர்த்திருக்கணும். நீங்க ஏஜென்ட், உங்களுக்கு நான் சொல்லணுமா?"

இன்சூரன்ஸ் கிளை அலுவலகத்துப் பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு ஒரு வாரமாகக் கலைப்பிரியாவோடு கூடவே குடித்தனம் நடத்துகிறது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்தார்கள். பிழைத்தாள்தான். திண்டிவனம் வட்டாரத்தில் அவளிடம் பாலிசி போடாத கடைக்காரர் குறைவு. நுணலும் தன் வாயால் கெடும் என்று மட்டும் யாரும் சொல்லி வளர்க்கவில்லை.

அந்தப் பெரிய புயல் வெள்ளம் வடிந்த கையோடு விழுப்புரத்தில் அண்ணன் ராஜ்குமாரின் வீட்டுக்கு அவள்தான் இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தாள். கூடம் நிறைய சொந்தபந்தம் உட்கார்ந்திருந்தது. நடுவில் நின்றுகொண்டு, "வாசக்கேட்டுல இருந்து மொட்டமாடி டேங்க் வரைக்கும், உள்ள வெளிய எல்லாம் கவராயிடும்ணா" என்று கையை விரித்துக் காட்டினாள். அவள் விரித்த கையில் பக்கத்து வீட்டு அந்தோணிசாமியின் சமையலறையும் அடங்கிவிடும் என்று அன்றைக்கு அவளே நினைத்திருக்கமாட்டாள்.

ஆவணியில் அண்ணன் மகள் அஸ்வினியின் கல்யாணம் நடந்தது. அடுத்த சில வாரங்களில் அந்தோணிசாமியின் சமையலறைத் தரை உள்வாங்கிச் சுவர் பிளந்தது. ராஜ்குமார் பக்கம் காம்பவுண்டுச் சுவரில் கீறல் ஓடி, கிரானைட் சரிந்தது. ராஜ்குமார் தெருவில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னார்: "கவலையே படாத அந்தோணி. என் தங்கச்சி போட்ட பாலிசி இருக்குது. உன் வூட்டையும் சேர்த்துக் கட்டிக் குடுத்துடுவாங்க. சர்வேயர் வந்து பாக்கற வரைக்கும் எதையும் தொடாத."

பக்கத்தில் நின்ற கலைப்பிரியா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போது அவளுக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

இன்றைக்கு அந்த சர்வேயர் வருகிறார். இரண்டு நாளில் தீபாவளி. அஸ்வினிக்குத் தலை தீபாவளி.

* * *

"குழியைத் தோண்டிப் பாப்பாங்களா?"

தோசையைப் பிய்க்காமலே கேட்டான் செல்வகுமார். திண்டிவனத்தில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் அவள் புருஷன், பேசுவதற்கும் மீட்டர் ஓடுகிறது என்று நினைப்பவன்.

"பாக்காம? பைப்பு எங்க உடைஞ்சிக்கிதுன்னு பாக்கத்தானே வர்றாங்க."

"அன்னைக்கே சொன்னேன். கடப்பாறை என்னமோ பொதுக்குனு எறங்குதுன்னு. நீதான்..."

"நான் என்னா?"

"ஒண்ணுமில்ல. நீ போய்ட்டு வா. எனக்குக் கடையில சரக்கு வருது."

சரக்கு ஒன்றும் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

ஈசானிய மூலையில் பந்தக்கால் நட வேண்டும் என்பது சாஸ்திரம். ஈசானிய மூலையில் தண்ணீர்த் தொட்டி இருக்க வேண்டும் என்பது வாஸ்து. இரண்டையும் இம்மி பிசகாமல் கடைப்பிடிப்பவர் ராஜ்குமார். வீடு கட்டும்போதே வடகிழக்கு மூலையில் சம்ப் வெட்டி, தெருவிலிருந்து நகராட்சிக் குழாயை அந்த வழியாகவே இழுத்திருந்தார். கல்யாணம் வந்தபோது பந்தக்காலுக்கும் அதே மூலை. உள்பக்கம் புதிதாகக் கிரானைட் போட்டிருந்ததால் அதை உடைக்க மனசு வராமல், "அதே மூலைதானே, கொஞ்சம் தள்ளி வெளியில நட்டா என்னா" என்று காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே அந்தோணிசாமி வீட்டை ஒட்டிக் குழி தோண்டச் சொன்னார். சாஸ்திரத்துக்கும் வாஸ்துவுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் குழாய் போகிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பந்தக்கால் குழியை அந்த வீட்டு மாப்பிள்ளைதான் தோண்ட வேண்டும். செல்வகுமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாறையை ஓங்கிக் குத்தினான். நாலாவது குத்தில் குழிக்குள்ளிருந்து தண்ணீர் ஊறியது. முதலில் சேறாக, பிறகு தெளிவாக.

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். செல்வகுமாரின் முகம் போன போக்கைப் பார்த்த கலைப்பிரியா, யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் வாயைத் திறந்தாள்.

"கங்கையே வந்துட்டா! எங்க அஸ்வினி குடும்பம் வத்தாத ஊத்து மாதிரி தழைக்கப் போவுது!"

அவ்வளவுதான், மேளம் கொட்டியது. சின்னம்மாக்களும் பெரியம்மாக்களும் குழியில் பால் ஊற்றினார்கள், நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து போட்டார்கள், ஊறிய தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். அது நகராட்சித் தண்ணீர். அன்றைக்குத் தண்ணீர் விடுகிற நாள். பந்தக்காலை நட்டதும் அது தக்கையாக அடைத்துக்கொண்டதால் ஊற்று நின்றது. கங்கை அடங்கிவிட்டாள் என்று அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்கள்.

கல்யாணம் முடிந்து காலைப் பிடுங்கி மணல் போட்டு மூடியாயிற்று. அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும்போதெல்லாம் பாதி சம்புக்குப் போனது, மீதி அந்தோணிசாமியின் சமையலறைக்கு அடியில் போனது. "சம்ப் நெறையவே மாட்டேங்குது" என்று அண்ணி செண்பகம் நகராட்சியைத் திட்டாத நாளில்லை.

சுவர் விரிந்த அன்றைக்கே குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் யார் வாய்விட்டுச் சொல்வது? பெண்ணுக்கு நட்ட பந்தக்கால் ஒரு வீட்டையே சாய்த்துவிட்டது என்று சொன்னால், அது அந்தப் பெண்ணின் தலையில்தானே விடியும்? அஸ்வினி வாழப்போன பெருமுக்கல் வீடு, பூனை குறுக்கே போனால் அன்றைய விதைப்பையே தள்ளிப்போடுகிற வீடு.

* * *

விழுப்புரத்தில் இறங்கியபோது வானம் மூடிக்கொண்டு நின்றது. ராஜ்குமார் நிலக்கடலை மூட்டைகளை மறந்து, மல்லாட்டை மண்டிக்குப் போகாமல் கேட்டருகே காத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? சர்வேயர் சாப்பாட்டுக்கு மேல வர்றாராம். இதப் பாரு பிரியா, கேட்டாருன்னா பைப்பு தானா வெடிச்சிச்சின்னு சொல்லு. பந்தக்கால் பேச்சையே எடுக்காத. நாளைக்கு சாயங்காலம் புள்ளையும் மாப்ளையும் வர்றாங்க. சம்பந்தியம்மாவும் கூட வர்றாங்களாம். அவங்க காதுல விழுந்துதுன்னா பேஜாராப் பூடும்."

"அண்ணா, அந்தப் பாலிசியில ஒரு விஷயம்..."

"என்னா விஷயம்? அதான் நீ இருக்கற இல்ல!" அவர் முகமெல்லாம் சிரிப்பு. "மண்டியில எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிக்கிறேன். என் தங்கச்சி ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான்னு."

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவள் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியபோது, அவளைத் தூக்கிக்கொண்டு பிறந்த ஊரான வல்லத்தின் கடைத்தெரு முழுக்கச் சுற்றிய அண்ணன் இவர். இவரிடம் எப்படிச் சொல்வது, உன் தங்கை ஒன்றும் தெரியாமல் உளறினாள் என்று?

"ஒண்ணுமில்லண்ணா" என்றாள்.

உள்ளே செண்பகம் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தட்டில் பத்துப் பன்னிரண்டு முறுக்கை அடுக்கி மேலே ஒரு தாளைப் போட்டு மூடினாள்.

"இத மேரிகிட்ட குடுத்துட்டு வா. பாவம், கெறிஸ்மஸ் வந்தா நமக்குக் கேக்கு வராத வருஷம் இல்ல. எனக்கு அந்தப் பக்கம் போகவே என்னமோ மாதிரி இருக்குது."

தனக்கு மட்டும் எப்படி இருக்கும் என்று அண்ணி யோசிக்கவில்லையே என்று கலைப்பிரியாவுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததே என்று அடுத்த நொடி வெட்கமாகவும் இருந்தது.

அந்தோணிசாமி ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடையில் கட்டிய வீடு. ராஜ்குமாரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் ராஜ்குமார் அவரை 'அந்தோணி' என்பார், அவர் ராஜ்குமாரை 'சார்' என்பார். கலைப்பிரியாவோ இத்தனை வருஷத்தில் அவரை எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தேவைப்பட்டால் "இதோ பாருங்க" என்பாள்.

வீட்டு முகப்பில் நீலத் தார்ப்பாய் கட்டி, அதற்கடியில் அடுப்பை வைத்திருந்தார்கள். காற்று வீசும்போதெல்லாம் அவர் மனைவி சகாயமேரி ஒரு பழைய அட்டையால் தீயை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா வா. உக்காரு." முறுக்குத் தட்டை வாங்கி வைத்துவிட்டு, இருந்த ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். "டீ போடறேன். உள்ள போய்ப் பாக்கறியா?"

பார்க்கமாட்டேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? போய்ப் பார்த்தாள். தரை நடுவில் குழிந்து, ஓரத்துச் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிந்து, அந்த விரிசல் வழியாக அண்ணன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் தெரிந்தது. அலமாரி இருந்த இடத்தில் இப்போது வெறும் ஆணிகள். ஒரு ஓரத்தில் மாதா படத்துக்கு முன்னால் மட்டும் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தார்கள்.

டீயை நீட்டிக்கொண்டே சகாயமேரி சொன்னாள். "எங்க புள்ள அலெக்ஸு அப்பவே கண்டமங்கலத்துல இருந்து ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கினு வந்துட்டாம்மா. இவருதான் திருப்பி அனுப்பிட்டாரு. பிரியாப் பொண்ணே சொல்லிக்கிது, கை வெச்சா இன்சூரன்ஸு கெடைக்காதாம், பொறுத்துக்கன்னு. அவனுக்கு ஒரே கோவம். பாண்டி கம்பெனியில ஓவர்டைம் பாத்துட்டு வந்தவன், ரெண்டு நாளு வூட்டுல சோறே துண்ணல."

கலைப்பிரியா டம்ளரைப் பார்த்தாள்.

"மழை வலுக்கறதுக்குள்ள முடிச்சிக் குடுத்துடுவாங்க இல்லம்மா?"

பதில் சொல்லாமல் இருப்பதற்காக டீயை அவசரமாக வாயில் ஊற்றிக்கொண்டாள். கொதிக்கக் கொதிக்க இருந்தது. நாக்கு வெந்தது. வேகட்டும் என்று விழுங்கினாள்.

* * *

சர்வேயர் சக்கரபாணி பைக்கில் வந்தார். அதிகம் பேசாதவர். உள்ளே சரிந்திருந்த கிரானைட்டையும் காம்பவுண்டுச் சுவரில் ஓடிய கீறலையும் படம் எடுத்தார். பிறகு வெளியே வந்து மூலையைக் காட்டினார்.

"இங்கதான் லைன் வருதா? தோண்டிப் பாத்துடலாம். ஆள் இருக்கா?"

வரச் சொன்ன ஆள் வரவில்லை. தீபாவளி நேரத்தில் யார் வருவார்கள்? ராஜ்குமார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"அந்தோணி, ஒரு கை புடியேன்."

அந்தோணிசாமி கைலியை மடித்துக் கட்டினார். அவர் வீட்டுக் கடப்பாறையையே எடுத்துவந்தார். முப்பது வருஷம் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி தள்ளிய கை. தன் வீட்டைச் சாய்த்த குழியைத் தானே தோண்டினார். இரண்டு வீடு தள்ளி இருப்பவர்களும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

மணல் போய் ஈரமண் வந்தது. ஈரமண் போய்க் குழாய் தெரிந்தது. குழாயில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. அந்த ஓட்டையில் பாதி சொருகியபடி, கறுத்துப்போன ஒரு மஞ்சள் துணி முடிச்சு. துணியைக் கிழித்துக்கொண்டு நாலைந்து பயறு வெள்ளை வெள்ளையாக முளைவிட்டு அழுகியிருந்தது.

சக்கரபாணி பையில் எதையோ தேடிக்கொண்டு குனிந்திருந்தார். அந்தோணிசாமி முடிச்சைப் பார்த்தார். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு முடிச்சை விரலால் இழுத்து, வெட்டிப்போட்ட மண்ணில் போட்டு, மேலே காலால் மண்ணைத் தள்ளினார்.

"எப்பிடிங்க உடைஞ்சிது?" என்றபடி சக்கரபாணி எட்டிப் பார்த்தார்.

ராஜ்குமார் தங்கையைப் பார்த்தார். அவள் வாய் திறப்பதற்குள் அந்தோணிசாமியே பதில் சொன்னார்.

"பழைய பைப்புங்க சார். தானா விட்டுக்கிச்சி."

"நீங்க பாத்தீங்களா?"

"பக்கத்து வூட்டுக்காரன், பாக்காம இருப்பேனுங்களா?"

ராஜ்குமார் பெருமூச்சு விட்டார். சக்கரபாணி போனில் ஏதோ தட்டினார். கலைப்பிரியா அந்தோணிசாமியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மனிதர் பந்தக்கால் நட்ட அன்று தன் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குழாய் என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கும். நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். இப்போதும் அந்தப் பெண்ணுக்காகத்தான் மறைக்கிறார். அஸ்வினி சின்னப்பிள்ளையில் பாதி நாள் சாப்பிட்டது அந்தச் சமையலறையில்தான்.

அவருடைய பொய்யால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அண்ணனின் கிரானைட்டுக்குக் கிடைக்கும், காம்பவுண்டுச் சுவருக்குக் கிடைக்கும். அந்தோணிசாமியின் சமையலறைக்கு ஒரு செங்கல்கூடக் கிடைக்காது. தன் வீடு எழும்பும் என்று நம்பி, அவர் அடுத்தவன் வீட்டுக்குப் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் சோறு தின்ன லாயக்கில்லாத ஜென்மம் ஆகிவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"சார், அவரு சொல்றது நெசம் இல்ல."

ராஜ்குமார் திடுக்கிட்டார். "பிரியா, வூட்டுக்குள்ள வந்து பேசு."

"இல்லண்ணா. தெருவுல சொன்னதைத் தெருவுலதான் திருப்பி எடுக்கணும்."

குனிந்து மண்ணைக் கிளறி அந்த முடிச்சை எடுத்தாள். சேறு சொட்டியது.

"இது எங்க வூட்டுப் பந்தக்கால் குழி சார். எங்க வூட்டுக்காரருதான் தோண்டினாரு. கடப்பாறை பட்டுத்தான் பைப்பு ஓட்டையாச்சு. தண்ணி வந்ததைப் பாத்துக் கங்கை வந்துட்டான்னு கத்தி எல்லாரையும் நம்ப வெச்சது நான்."

தெருவில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

சக்கரபாணி போனை இறக்கினார். "அப்போ உங்க பைப்புக்கும் சுவருக்கும் இதுல கெடைக்காதும்மா. நீங்களே உடைச்சதாச்சே. பக்கத்து வீட்டுக்கு எப்பிடிப் பாத்தாலும் இல்ல. அதுக்குத் தனியா சேர்க்கணும்னு போடும்போது சொன்னீங்களா?"

"இல்ல சார். எனக்கே தெரியாது. போன வாரந்தான் கேட்டுத் தெரிஞ்சிக்கினேன். தெரிஞ்சதுக்கு அப்புறமும் சொல்லல."

ராஜ்குமாரின் முகம் வெளுத்தது. கோபத்தைவிட வேறு ஏதோ அதில் இருந்தது. "போன வாரமே தெரியுமா? காலைல என் மூஞ்சியைப் பாத்து ஒண்ணுமில்லண்ணான்னு சொன்னியேடி? நான் மண்டியில எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உக்காருவேன்?"

அவள் அந்தோணிசாமியிடம் திரும்பினாள். எப்போதும் போல "இதோ பாருங்க" என்று வந்த வாயை மாற்றினாள்.

"அண்ணே, என்னை மன்னிச்சிருங்கண்ணே. என் பேச்சைக் கேட்டு நீங்க மேஸ்திரியைத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது."

அந்தோணிசாமி கடப்பாறையில் ஒட்டிய மண்ணைக் கையால் வழித்தார். தார்ப்பாய்க்கு அடியில் நின்ற மனைவியை ஒரு தடவை பார்த்தார்.

"சரிம்மா" என்றார். "மழைக்கு முன்னாடி சொல்லியிருந்தா, நானும் புள்ளையும் சேர்ந்து முடிச்சிருப்போம்."

திட்டியிருக்கலாம். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவளுக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். அவர் அந்த உதவியைச் செய்யவில்லை.

சக்கரபாணி பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்.

* * *

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். இந்தத் தெருவில் பூதம் வாடகைக் காரில் வந்தது.

"அப்பா!" என்று கத்திக்கொண்டே இறங்கினாள் அஸ்வினி. பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. "அவருக்கு லீவு கெடைச்சிடுச்சி. அதான் ஒரு நாள் முன்னாடியே வந்துட்டோம்!" பின்னாலேயே மாப்பிள்ளை புகழேந்தி பைகளோடு இறங்கினான். கடைசியாக, காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து இறங்கினாள் அவன் அம்மா வெள்ளையம்மாள்.

கலைப்பிரியாவின் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. முடிச்சு அந்தக் கையில் இருந்தது. இவ்வளவு நேரம் தெருவைக் கூட்டி உண்மை பேசியவள், ஒரு பெண்ணின் சிரித்த முகத்தைப் பார்த்ததும் கையை ஒளித்துக்கொண்டாள்.

"என்னா அத்தை, வாசல்ல குழி? மேரி ஆன்ட்டி ஏன் வெளியில சமைக்கறாங்க?"

ராஜ்குமார் தங்கையைப் பார்த்தார். சற்று முன் சீறிய அதே கண், இப்போது கெஞ்சியது. அண்ணன் தன்னைப் பார்த்துக் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றார் அந்தோணிசாமி. "எங்க வூட்டுப் பைப்பு. பழசு. உடைஞ்சி போச்சி. அதான் தோண்டிக்கினு இருக்கேன். நீ உள்ள போ, நல்ல நாளும் அதுவுமா."

வெள்ளையம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தார்ப்பாயையும் அடுப்பையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த ஜனங்க பக்கத்துல வூடு வெச்சா இப்பிடித்தான் சம்பந்தி. சுத்தம்னா என்னான்னே தெரியாது. நீங்களும் எப்பிடித்தான் பொறுத்துக்கினு இருக்கீங்களோ."

சகாயமேரி அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டு, வேறு வேலையில்லாதது போல மறுபடியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தோணிசாமி குழிக்குள் மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்.

ராஜ்குமார் குரலை உயர்த்தினார். "வாங்க வாங்க, உள்ள வாங்க. செண்பகம், ஜல்தியா ஆரத்தி கொண்டா!"

செண்பகம் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தாள். மூவரும் கேட்டருகே நின்றார்கள். தட்டு மூன்று சுற்றுச் சுற்றியது. அஸ்வினி சிரித்துக்கொண்டே நெற்றியைக் காட்டினாள். வெள்ளையம்மாள் பொட்டை வாங்கிக்கொண்டு வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

நல்லது சொல்கிறேன் என்று கலைப்பிரியா இரண்டு தடவை இந்த வீட்டில் வாயைத் திறந்திருக்கிறாள். ஒரு தடவை கங்கை வந்துவிட்டாள் என்று. இன்னொரு தடவை எல்லாம் கவராகிவிடும் என்று. இரண்டு தடவையும் கேட்டவர்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது சொல்லப்போவது யாருக்கும் சந்தோஷம் தராது என்பது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. அண்ணன் மகளின் தலையில் இருந்த பூவைப் பார்த்தாள். அந்தோணிசாமியின் குனிந்த முதுகைப் பார்த்தாள்.

"சம்பந்தியம்மா, ஒரு நிமிஷம் நில்லுங்க."

பின்னாலிருந்து ராஜ்குமார் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். அவள் இன்னொரு கையை முன்னால் கொண்டுவந்து விரித்தாள். சேறு விரல் இடுக்கில் வழிந்தது.

"அந்தக் குழி அவங்களுது இல்லைங்க. எங்களுது. அஸ்வினிக்கு நாங்க நட்ட பந்தக்கால் குழி. அவங்க வூடு இடிஞ்சது எங்களாலதான்."

அஸ்வினியின் சிரிப்பு அப்படியே நின்றது. செண்பகத்தின் தட்டிலிருந்து சிவப்புத் தண்ணீர் படியில் சிந்தியது. வெள்ளையம்மாள் அந்த மஞ்சள் துணியை ஒரு தரம் பார்த்தாள், மருமகளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, உள்ளே வைத்த வலது காலை வெளியே எடுத்துக்கொண்டாள்.